மணலுக்குள் எண்ணெயும் நீரும்: ஒரு குழாயில் எண்ணெய்ப் படுகையைக் கட்டி அளக்கும் முறை

எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. தண்ணீர் முதன்முதலில் தலைகாட்டும்போது பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் மணலிலேயே கிடக்கும். அப்படித் தங்குவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நீர் எண்ணெயைவிடச் சுலபமாக ஓடுவதால் முந்திக்கொண்டு வெளியேறிவிடுகிறது. மற்றொன்று, நுண்துளைகளில் துண்டுபட்டு நிற்கும் எண்ணெய்த் துளிகளை நுண்புழை விசை, அதாவது குறுகிய துளைகளில் திரவத்தை இழுத்து நிறுத்தும் விசை, பிடித்துவைத்துக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பணம்தான் வீண்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க, அரை மீட்டர் நீளக் குழாயில் மணலை அடைத்து எண்ணெய்ப் படுகையின் சிறு மாதிரியைக் கட்டிவிடலாம். பெட்ரோலியப் பொறியியல் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான். கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கணக்கைச் சேர்ந்தவை. உங்கள் அளவுகள் வேறாக இருந்தாலும் கணக்கு ஓடும் வழி இதுதான்.

தேவையான பொருள்கள்

உள்விட்டம் 4 செ.மீ., நீளம் 50 செ.மீ., சுவர்த்தடிமன் 5 மி.மீ. உள்ள அக்ரிலிக் குழாய். இரு முனைக்கும் ஓ-ரிங் வைத்த மூடிகள். மூடிக்குள் 200 மெஷ் துருப்பிடிக்காத எஃகு வலை. அதன் கண் 75 மைக்ரான் என்பதால் மணல் தப்பாது. நிமிடத்துக்கு 1 முதல் 10 மி.லி. வரை சீராகத் தள்ளும் பம்ப். சிரிஞ்ச் பம்ப் அல்லது எச்பிஎல்சி (வேதியியல் பகுப்பாய்வுக் கருவிகளில் வரும் உயர் அழுத்த) பம்ப் என்றால் நல்லது. பெரிஸ்டால்டிக் பம்பைத் தவிர்க்கலாம்: துடித்துத் துடித்துத் தள்ளும், எதிரழுத்தம் ஏறினால் அளவும் குறைந்துவிடும். அழுத்த வேறுபாட்டை அளக்க 0–3 வளிமண்டல அளவுள்ள உணரி ஒன்று. சிறிய வேறுபாடுகளுக்கு நீர் மானோமீட்டர். 0.1 மி.லி. வரை படிக்கக்கூடிய பியூரெட்டுகள்.

எண்ணெய்க்கு மருந்துக்கடைத் தரத்து லைட் லிக்விட் பாரஃபின் போதும். நிறமற்றது, நாற்றமில்லை, அக்ரிலிக்கைக் கெடுக்காது. சூடான் சிவப்புச் சாயத்தில் ஒரு சிட்டிகை கலந்தால் கண்ணுக்குத் தெரியும். அதிகம் போட்டால் இடைமுக இழுவிசை, அதாவது எண்ணெயும் நீரும் தொடும் பரப்பில் உள்ள இழுவிசை, மாறிவிடும். பாகுநிலையை, அதாவது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பை, சோதனை நாளன்று, சோதனை வெப்பநிலையிலேயே அளந்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கில் 25 சென்டிபாய்ஸ் என்று வைத்திருக்கிறோம். காலைக்கும் மதியத்துக்கும் அறைவெப்பம் 5 டிகிரி ஏறினாலே இந்த எண் கணிசமாக இறங்கும்.

நீர் என்றால் வெறும் குழாய்த் தண்ணீர் அல்ல. லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்டு, கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர். மணலில் துளி களிமண் இருந்தாலும் உப்பில்லாத நீரில் அது உப்பிப் பிரிந்து துளைகளின் கழுத்தை அடைத்துவிடும். கொதிக்கவைப்பது கரைந்த காற்றை வெளியேற்றுவதற்காக.

ஒரு எச்சரிக்கை: குழாயைக் கழுவ அசிட்டோன், டொலுவீன் இரண்டையும் தொடாதீர்கள். அக்ரிலிக் வெண்படலம் பூத்து வெடிப்பு விடும். அடுத்த முறை அழுத்தம் ஏற்றும்போது உடையும். 3 வளிமண்டலத்தில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் பம்பை இயக்க வேண்டாம்.

மணல்

சிமெண்ட் சோதனைக்குப் பயன்படும் எண்ணூர் தர மணலே இதற்கும் நன்றாக உதவும். அதன் மூன்றாம் தரம் 500 முதல் 90 மைக்ரான் வரையிலான படிகமணல். 125 மைக்ரான் சல்லடையில் சலித்து, 90 மைக்ரான் சல்லடையில் நிற்பதை மட்டும் எடுங்கள். பெரும்பகுதி மேல் சல்லடையிலேயே தங்கிவிடும் என்பதால் தேவையைப் போலப் பல மடங்கு வாங்க வேண்டியிருக்கும். ஆற்றுமணலில் மைக்கா தகடுகள் கலந்திருக்கும். அவை படுக்கைவாட்டில் அடுக்கிக்கொண்டு குறுக்கே தடுப்புச்சுவர் போல நிற்கும்.

சலித்த மணலை 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவிட்டால் சுண்ணாம்பும் இரும்புக் கறையும் போய்விடும். பிறகு கழுவிய நீர் கலங்கல் இல்லாமல், பி.எச். 7-க்கு வரும்வரை அலசுங்கள். 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். இப்படிச் சுத்தம் செய்த மணலின் பரப்பு நீரை விரும்பும். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு அள்ளினால்கூட அந்தக் குணம் இடத்துக்கு இடம் கெடும்.

அடைத்தல்

சோதனை பாழாவது அதிகமும் இந்தப் படியில்தான். உலர்ந்த மணலை மேலிருந்து கொட்டினால் பருமணல் ஓரத்துக்கு உருண்டு, பொடிமணல் நடுவில் தங்கும். எனவே புனலின் மூக்கு மணல் மட்டத்துக்கு ஒட்டியே இருக்க, 3 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழாயின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். அடுத்த அடுக்கைப் போடுமுன் மேற்பரப்பைக் கம்பியால் இலேசாகக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுக்குகளுக்கிடையே கோடு விழும். கடைசியில் வலை மணலை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு மூடியை இறுக்க வேண்டும். மேலே 2 மி.மீ. இடைவெளி இருந்தாலும் குழாயைச் சாய்க்கும்போது மணல் சரிந்து, மேல்விளிம்பு நெடுக ஒரு வாய்க்கால் திறந்துகொள்ளும். பிறகு நீர் முழுவதும் அதன் வழியேதான் போகும்.

உள்ளே போன மணல் 1082 கிராம் என்று வைத்துக்கொள்வோம். படிகமணலின் அடர்த்தி 2.65. ஆக, மணிகளின் கன அளவு 408.3 மி.லி. குழாயின் உட்கொள்ளளவு 628.3 மி.லி. மிச்சம் 220 மி.லி. துளைக் கொள்ளளவு, நுண்துளைமை 35%. ஒரே அளவு மணலுக்கு 35 முதல் 40% வரை வரலாம். 42-ஐத் தாண்டினால் அடைப்பு தளர்வு, பிரித்து மீண்டும் அடையுங்கள்.

நீர் நிரப்பி ஊடுருவு திறனை அளத்தல்

குழாயை நிமிர்த்தி நிறுத்தி, கீழிருந்து கரியமில வாயுவை அரைமணி நேரம் மெதுவாக விடுங்கள். காற்றைவிடக் கனமான வாயு, காற்றை மேலே தள்ளிவிடும். பிறகு கீழிருந்தே நிமிடத்துக்கு 2 மி.லி. வீதம் உப்புநீரைச் செலுத்துங்கள். மிஞ்சிய வாயு நீரில் கரைந்து போய்விடும். இந்தப் படியைத் தவிர்த்து நேராக நீர் விட்டால் காற்றுக்குமிழ்கள் துளைகளில் சிக்கி நிற்கும். பிறகு எண்ணெய், நீர், காற்று என மூன்று பாய்மங்களின் கணக்கைப் போட வேண்டியிருக்கும். நிரம்பிய பின் எடையைப் பாருங்கள். 222.2 கிராம் கூடியிருந்தால், உப்புநீரின் அடர்த்தி 1.01 என்ற கணக்கில் 220 மி.லி.; மணல் எடையிலிருந்து வந்த எண்ணோடு பொருந்துகிறது. 2 மி.லி.க்கு மேல் குறைந்தால் உள்ளே இன்னும் வாயு இருக்கிறது.

மணல் தன் வழியே பாய்மத்தை எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்பதே ஊடுருவு திறன். பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர் ஏற்பாடு பற்றிய 1856 அறிக்கையில், மணல் வடிகட்டிகளை அளந்து ஹென்றி டார்சி எழுதிய விதியே இன்றும் அடிப்படை:

ஊடுருவு திறன் = ஓட்டம் × பாகுநிலை × நீளம் ÷ (குறுக்குப்பரப்பு × அழுத்த வேறுபாடு)

ஓட்டத்தை வினாடிக்கு மி.லி.யிலும், பாகுநிலையைச் சென்டிபாய்ஸிலும், அழுத்தத்தை வளிமண்டலத்திலும் போட்டால் விடை டார்சியில் வரும். நிமிடத்துக்கு 10 மி.லி. என்றால் வினாடிக்கு 0.1667. நீரின் பாகுநிலை 0.85, குறுக்குப்பரப்பு 12.57 ச.செ.மீ. அழுத்த வேறுபாடு 0.108 வளிமண்டலம், அதாவது ஏறத்தாழ 112 செ.மீ. நீர்மட்டம், என்றால் விடை 5.2 டார்சி. 2, 5, 10 மி.லி. என மூன்று வேகத்திலும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக வர வேண்டும். வேகம் கூடக்கூட ஊடுருவு திறன் குறைந்துகொண்டே போனால் பொடித்துகள்கள் நகர்ந்து கழுத்துகளை அடைக்கின்றன என்று பொருள். மணலைச் சரியாகக் கழுவவில்லை.

மணி அளவையும் நுண்துளைமையையும் வைத்து ஊடுருவு திறனைக் கணிக்கும் கோசெனி–கார்மன் சூத்திரத்தில் 0.107 மி.மீ. மணி அளவைப் போட்டால் 6.5 டார்சி வருகிறது. அளந்தது அதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மணிகள் உருண்டையாக இல்லாததால் இவ்வளவு விலகல் இயல்பு. பல மடங்கு விலகினால்தான் கவலை.

எண்ணெய் ஏற்றுதல்

நிலத்தடியில் மணல் முதலில் நீரால் நிரம்பியிருந்தது. எண்ணெய் பின்னால் வந்து குடியேறியது. அதே வரிசையில்தான் நாமும் போகிறோம். எண்ணெய் நீரைவிட இலேசானது என்பதால் மேலிருந்து செலுத்துங்கள். கீழிருந்து விட்டால் மிதந்து ஏறி நீரை ஆங்காங்கே விட்டுவிடும். நிமிடத்துக்கு 5 மி.லி. வீதம், வெளியேறுவதில் நீர் அறவே நின்ற பிறகும் துளைக் கொள்ளளவைப் போல இரு மடங்கு எண்ணெயைச் செலுத்துங்கள்.

வெளிவந்த நீர் 187 மி.லி. என்றால் உள்ளே மிஞ்சியது 33 மி.லி., அதாவது துளைக் கொள்ளளவில் 15%. இந்தப் பங்குக்கு நீர்நிறைவு என்று பெயர். இந்த நீர் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் நகராது. மணிகளைச் சுற்றிப் படலமாகவும், இரு மணிகள் தொடும் இடுக்குகளில் வளையமாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் குழாயின் சுவரோடு வைத்துப் பார்த்தால் தெரியும்: சிவப்பு எண்ணெய் துளையின் நடுவை நிரப்பியிருக்கும், மணிகள் தொடும் முனைகளில் மட்டும் நிறமற்ற சிறு பிறைகள்.

இந்த 187 மி.லி.யில் இணைப்புக் குழாய்களின் கொள்ளளவைக் கழிக்க மறந்துவிடுவார்கள். 3 மி.மீ. உள்விட்டக் குழாய் மீட்டருக்கு 7 மி.லி. பிடிக்கும். கழிக்காவிட்டால் நிறைவுக் கணக்கில் 3% பிழை நேராக நுழைந்துவிடும்.

இப்போது அழுத்தம் 1.77 வளிமண்டலத்தில் நிலைத்தால், டார்சி விதிப்படி எண்ணெய்க்கான ஊடுருவு திறன் 4.68 டார்சி. 5.2-ஆல் வகுத்தால் 0.9. இதுதான் எண்ணெயின் சார்பு ஊடுருவு திறன்.

நீரால் தள்ளுதல்

இனி கீழிருந்து நீர், நிமிடத்துக்கு 2 மி.லி. இந்த வேகம் வாய்க்கு வந்த எண் அல்ல. மிக மெதுவாகப் போனால் வெளிமுனையில் நுண்புழை விசை நீரைப் பிடித்துக்கொண்டு அளவுகளைத் திரிக்கும். நீளம் (செ.மீ.), ஓட்டவேகம் (செ.மீ./நிமிடம்), நீரின் பாகுநிலை (சென்டிபாய்ஸ்) மூன்றையும் பெருக்கினால் 5-க்கு மேல் வர வேண்டும் என்பது ராப்போர்ட்–லீஸ் அளவுகோல். நமக்கு 50 × 0.159 × 0.85 = 6.8. போதும். ஆனாலும் நீர்முகப்பு நாளுக்குப் பதினேழு மீட்டருக்கு மேல் நகரும் வேகம் இது. உண்மைப் படுகையில் நாளுக்கு 0.3 மீட்டர் என்பதே வழக்கமான கணக்கு.

பம்ப் ஓடத் தொடங்கும்போது அழுத்தம் 0.71 வளிமண்டலம் அளவில் இருக்கும். நீர் உள்ளே ஏற ஏற இறங்கிக்கொண்டே வரும். முதலில் வெளியே சுத்தமான எண்ணெய் மட்டுமே. 50 மி.லி. கடந்ததும் 10 மி.லி. சோதனைக்குழாய்களுக்கு மாறிக்கொள்ளுங்கள். நீர் எப்போது வருகிறது என்பதைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் எண்ணெய், நீர், நேரம், அழுத்தம் நான்கையும் குறியுங்கள். பால்போலக் கலங்கினால் மையவிலக்கில் சுற்றிவிட்டு அளவெடுங்கள். செலுத்திய மொத்தமும் வெளிவந்த மொத்தமும் 1%க்குள் பொருந்தாவிட்டால் எங்கோ கசிவு.

எப்போது நீர் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1942-இல் பக்லி, லெவரெட் இருவரும் கொடுத்த வழி அது. ஓடும் கலவையில் நீரின் பங்கு:

நீர்ப்பங்கு = 1 ÷ [1 + (எண்ணெயின் சார்பு ஊடுருவு திறன் ÷ நீரின் சார்பு ஊடுருவு திறன்) × (நீரின் பாகுநிலை ÷ எண்ணெயின் பாகுநிலை)]

இதற்குச் சார்பு ஊடுருவு திறன் வளைவுகள் வேண்டும். நம் மணலுக்கு, நீரால் நகர்த்த முடியாமல் எஞ்சிய எண்ணெய் துளைக் கொள்ளளவில் 25%, அந்த நிலையில் நீரின் சார்பு ஊடுருவு திறன் 0.25 என்று எடுத்துக்கொள்வோம். நீர்நிறைவிலிருந்து 0.15-ஐக் கழித்து 0.60-ஆல் வகுத்தால் கிடைப்பது நகரும் பங்கு. நீருக்கு அதன் கனத்தை (மூன்றாம் அடுக்கை) 0.25-ஆல் பெருக்குங்கள். எண்ணெய்க்கு, ஒன்றிலிருந்து நகரும் பங்கைக் கழித்து, வர்க்கமாக்கி, 0.9-ஆல் பெருக்குங்கள். நீர்ப்பங்கை நீர்நிறைவுக்கு எதிராக வரைந்தால் எஸ் வடிவ வளைவு கிடைக்கும். தொடக்க நிறைவான 0.15-இலிருந்து அந்த வளைவுக்கு ஒரு தொடுகோடு போடுங்கள். தொடும் இடம் நீர்நிறைவு 0.45, நீர்ப்பங்கு 0.80.

இதன் பொருள்: நீர்முகப்பு பிஸ்டன் போல எண்ணெய் முழுவதையும் வழித்துக்கொண்டு வருவதில்லை. முகப்பு கடந்த இடத்திலும் பாதிக்கு மேல் எண்ணெய். முகப்பு வெளிமுனையைத் தொட்ட கணமே நீர்ப்பங்கு பூச்சியத்திலிருந்து 80%க்குத் தாவும். தொடுகோட்டின் சாய்வு 2.68. அதன் தலைகீழ் 0.37. அதாவது துளைக் கொள்ளளவில் 37%, 82 மி.லி. செலுத்தியதும் நீர் தலைகாட்டும். 2 மி.லி. வேகத்தில் 41 நிமிடம். அதுவரை வந்த எண்ணெய் 187-இல் 82, அதாவது 44%. இந்த விகிதத்தையே மீட்பு என்கிறோம்.

அதற்குப் பிறகு என்ன என்பதை வெல்ஜ் 1952-இல் காட்டிய தொடுகோட்டு முறையில் கணக்கிடலாம்:

- 173 மி.லி. செலுத்தியபோது மீட்பு 50%, நீர்ப்பங்கு 92%
- 400 மி.லி. செலுத்தியபோது மீட்பு 56%, நீர்ப்பங்கு 97%
- 1023 மி.லி. செலுத்தியபோது மீட்பு 62%, நீர்ப்பங்கு 99%

எஞ்சிய எண்ணெய் நகராது என்பதால் மீட்பின் எல்லை 70.6%. முதல் 82 மி.லி. நீர் 44% கொடுத்தது. அடுத்த 940 மி.லி. நீர் கொடுத்தது 18%. எட்டரை மணி நேரம் பம்ப் ஓடிய பிறகும் எல்லையைத் தொடவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் நீர்ப்பங்கு 95, 98% வரை கிணறுகளை ஓட்டுவதும், எண்ணெயைவிட நீரைப் பிரித்துக் கையாளவே அதிகம் செலவழிப்பதும் இந்த நீண்ட வாலால்தான்.

கணக்குக்கு முன்பாகவே, 60 மி.லி.யிலேயே நீர் வந்தால் இரண்டில் ஒன்று. குழாய்ச் சுவரோரம் வழி திறந்திருக்கலாம். சுவர் நெடுக ஒரே பக்கமாகச் சிவப்பு வெளுத்திருந்தால் அதுதான், அடைப்பைப் பிரியுங்கள். ஆங்காங்கே நாக்கு நாக்காக வெளுத்திருந்தால் பாகுநிலை வேறுபாட்டால் வரும் விரல் பிளவு. சஃப்மன், டெய்லர் இருவரும் 1958-இல் விளக்கியது. நம் நீரின் நகர்வுத் திறன் (சார்பு ஊடுருவு திறன் ÷ பாகுநிலை) எண்ணெயைப் போல எட்டு மடங்கு என்பதால் ஓரளவு விரல்கள் வரத்தான் செய்யும். அது உங்கள் பிழை அல்ல.

நீரின் முடிவு அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வருவது நின்ற நிலையில் 0.087 வளிமண்டலம் என்றால் நீருக்கான ஊடுருவு திறன் 1.3 டார்சி, சார்பு மதிப்பு 0.25. எண்ணெய் கால்பங்கே மிஞ்சியிருந்தும் நீரின் பாதை நாலில் மூன்று பங்கு அடைபட்டுவிட்டது. சிக்கிய துளிகள் துளையின் நடுவே, பெரிய வழிகளில் உட்கார்ந்திருப்பதே காரணம். இந்த எண் 0.5-ஐத் தாண்டினால் உங்கள் மணல் எண்ணெயை விரும்ப ஆரம்பித்துவிட்டது. கச்சா எண்ணெயைப் பயன்படுத்திப் பல வாரம் சூட்டில் வைத்தால் அப்படி ஆகும்.

முதல் காரணத்துக்கு மருந்து: பாகுநிலை

அதே மணல், அதே வளைவுகள். எண்ணெயின் பாகுநிலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 5 சென்டிபாய்ஸ் என்றால் நீர் தலைகாட்டும்போது மீட்பு 57%. 100 என்றால் 32%. எண்ணெயை மாற்ற முடியாது, நீரை மாற்றலாம். பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமர் கரைத்து நீரை 10 சென்டிபாய்ஸ் ஆக்கினால், 25 சென்டிபாய்ஸ் எண்ணெயிலேயே 44% என்பது 63% ஆகிவிடும். வெறும் நீரால் ஒரு லிட்டர் ஊற்றியும் எட்டாத இடம் அது. பாலிமரை வேகமாகக் கலக்கினால் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து பாகுநிலை போய்விடும். நீர்ச்சுழலின் தோளில் தூவி, மெதுவாக இரவு முழுக்கக் கலங்கவிட வேண்டும்.

சீனாவின் டாச்சிங் களம் 1996 முதல் இதைப் பேரளவில் செய்துவருகிறது. நம் நாட்டில் ராஜஸ்தானின் பார்மரில் உள்ள மங்களா களம்: 2004-இல் கண்டுபிடித்தது, 2009-இல் உற்பத்தி தொடங்கியது. அங்குள்ள ஃபதேகர் மணற்கல்லின் சராசரி ஊடுருவு திறன் சுமார் 5 டார்சி, எண்ணெயின் பாகுநிலை 9 முதல் 22 சென்டிபாய்ஸ் வரை. நம் குழாய்க்கு வெகு அருகில் உள்ள எண்கள். மெழுகு மிகுந்த எண்ணெய் என்பதால் அங்கே வெந்நீரைச் செலுத்தினார்கள், பின்னர் பாலிமருக்கு மாறினார்கள்.

இரண்டாம் காரணத்துக்கு மருந்து: இடைமுக இழுவிசை

எஞ்சிய 25%-ஐப் பாலிமரால் பொதுவாக அசைக்க முடியாது. நீர் வேகத்தையும் பாகுநிலையையும் பெருக்கி, இடைமுக இழுவிசையால் வகுத்தால் வருவது நுண்புழை எண். நம் சோதனையில் இழுவிசை மீட்டருக்கு 40 மில்லிநியூட்டன் என்றால் அது பத்து லட்சத்தில் 0.6 பங்கு. துளிகள் நகரத் தொடங்க அது பத்து லட்சத்தில் 10 முதல் 100 ஆக வேண்டும். பம்பை நூறு மடங்கு வேகமாக ஓட்டினால் குழாய் வெடிக்கும். களத்தில் பாறை பிளக்கும். இழுவிசையை ஆயிரக்கணக்கான மடங்கு இறக்கும் சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற வேதிப்பொருள்) தான் வழி. அதன் விலைதான் தடை. ஆகவே, மீட்பு 62%-இல் நிற்கும் படுகைக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்குமுன், மிஞ்சியதில் எவ்வளவு வாலில் கிடக்கிறது, எவ்வளவு சிக்கிக் கிடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கில், தொடக்கத்தில் இருந்த எண்ணெய் 100 பங்கு என்றால், 9 பங்கு வாலில், 29 பங்கு சிக்கியது (துளைக் கொள்ளளவில் 25% என்றது இதுவே).

இந்தக் குழாய் காட்டாதது

உண்மைப் படுகை ஒரே மாதிரி மணல் அல்ல, அடுக்கடுக்காக இருக்கும். அதையும் பார்க்க விரும்பினால் இன்னொரு குழாயை 1 டார்சி வருமளவு பொடிமணலால் அடைத்து, இரண்டையும் ஒரே பம்புடன் இணையாக மாட்டுங்கள். வெளிமுனைகளைத் தனித்தனிப் பியூரெட்டில் விடுங்கள். தொடக்கத்தில் ஓட்டம் ஐந்துக்கு ஒன்று. முதல் குழாயில் நீர் நுழைந்ததும் அதன் தடை குறைந்துகொண்டே போவதால் விகிதம் இன்னும் விரியும். முதல் குழாயில் நீர் வெளிவந்த நேரத்தில் இரண்டாவதன் பியூரெட்டைப் பாருங்கள், 16 மி.லி.கூட இருக்காது. அதற்குப் பின் பம்ப் தள்ளும் நீரில் பெரும்பகுதி முதல் குழாயையே சுற்றிவரும். இரண்டாவது குழாயின் எண்ணெய் நகரக்கூடியதாக இருந்தும் அப்படியே நிற்கும். இங்கே பாலிமரை விட்டுப் பார்த்தால், முதல் குழாயின் தடை ஏறி இரண்டாவதற்கு ஓட்டம் திரும்புவதைப் பியூரெட்டிலேயே படிக்கலாம்.